பத்தாம் வகுப்பும் லினோ கத்தியும்

வில்லிவாக்கம்,
சென்னை.

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் கிடைத்தது. உன் வீட்டுக்காரருக்குச் சென்னைக்கே மாற்றல் என்பது நல்ல செய்தி. வீடு பார்க்கும் விஷயத்தைக் கடைசியில் எழுதுகிறேன். முதலில் நீ கேட்ட கேள்வி. ஜூனில் மகள் பத்தாவது போகிறாள், ஓவியம், நாடகம், மிருதங்கம், பள்ளிப் பத்திரிகை எல்லாவற்றையும் ஒரு வருடம் மூட்டை கட்டி வைத்துவிடலாமா என்கிறாய். கட்ட வேண்டாம், குறைத்துக்கொள் என்பதுதான் என் பதில். ஓவிய டீச்சர் வேறு என்ன சொல்வாள் என்று சிரிக்காதே. காரணத்தைக் கேட்டுவிட்டுச் சிரி.

"கற்பனைத் திறன் வளரும், மன அழுத்தம் குறையும், மார்க் ஏறும்" என்று வகுப்பு நடத்துபவர்கள் நோட்டீசில் போடுவதை நம்பி நான் இதைச் சொல்லவில்லை. பதினான்கு, பதினைந்து வயதில் கைவேலை ஒன்றைத் தொடங்கி முடித்துப் பழகிய பிள்ளைக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்கிறது. முடிவில் என்ன வர வேண்டும் என்பதை முதலில் பார்த்து, அங்கிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு வந்து, எங்கே தொடங்குவது என்று தீர்மானிக்கிற பழக்கம். சமையலறையிலும் தையல் மிஷினிலும் கல்யாண வேலையிலும் நமக்கு நாள்தோறும் வேண்டியிருப்பது அதுதான்.

மிருதங்கத்தையே எடுத்துக்கொள். ஆதி தாளம் எட்டு அட்சரம். ஒவ்வொன்றும் நான்கு மாத்திரை என்றால் ஓர் ஆவர்த்தனத்துக்கு, அதாவது தாளம் ஒரு சுற்று வர, 32. முடிக்கும்போது "ததிகிணதொம்" மூன்று முறை, நடுவில் இரண்டிரண்டு மாத்திரை இடைவெளி விட்டு வாசித்து, அடுத்த சுற்று தொடங்கும் சமத்தில் வந்து நிற்க வேண்டும். ஐந்தும் இரண்டும் ஐந்தும் இரண்டும் ஐந்தும் சேர்ந்தால் 19. 32-இல் 19 போனால் 13. ஆக மூன்று அட்சரம் தாண்டி, இன்னும் ஒரு மாத்திரை விட்டு எடுத்தால்தான் சரியாக விழும். இந்தக் கணக்கில்லாமல் கை போன போக்கில் எடுப்பவர், கடைசியில் வேகத்தைக் கூட்டியோ ஒரு சொல்லை விழுங்கியோ சமாளிப்பார். கேட்பவர்களுக்குத் தெரியாமல் போகாது.

இப்போது அடுப்புக்கு வா. பகல் 12.30-க்கு எட்டுப் பேருக்கு இலை போட வேண்டும். சோற்றுக்கு ஊற 20 நிமிடம், வேக 15, குக்கர் அடங்க 10, ஆக 45. அரிசியை 11.45-க்கு ஊறவைக்க வேண்டும். சாம்பாருக்குப் பருப்பு வேக 20, அடங்க 10, காயும் புளித்தண்ணீரும் கொதிக்க 15, பருப்பு சேர்த்துத் தாளித்து இறக்க 10. மொத்தம் 55, அதனால் பருப்பு 11.35-க்கே அடுப்பேற வேண்டும். குக்கர் ஒன்றுதான் என்றாலும் 12.05-க்கு அது காலியாகிவிடும், ஊறிய அரிசியும் அப்போது தயாராக இருக்கும். இரண்டாவது பர்னர் 12.05 வரை சும்மா இருப்பதால் பொரியலை அங்கே முடித்துவிடலாம். மிருதங்கத்தில் இப்படி எண்ணி முடிக்கிற கோர்வை போடத் தெரிந்த பெண்ணுக்கு இதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. 12 மணிக்கு மேல் சமையலறையில் கத்தல் கேட்கிற வீடுகளில் பெரும்பாலும் யாரும் பின்னாலிருந்து எண்ணியிருக்க மாட்டார்கள்.

லினோ என்கிற மெத்தென்ற தகட்டில் படத்தைச் செதுக்கி, மை தடவித் தாளில் ஒற்றியெடுக்கும் லினோ அச்சைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், அவள் அதில்தான் ஆசையாக இருக்கிறாள் என்று எழுதியிருக்கிறாய். மூன்று மில்லிமீட்டர் தடிமனுள்ள லினோ, அஞ்சலட்டை அளவு போதும். முதலில் டிரேஸிங் பேப்பரில் 4பி பென்சிலால் படத்தை வரைய வேண்டும். பிறகு அந்தத் தாளைக் குப்புறக் கவிழ்த்து லினோ மேல் வைத்து, முதுகில் தேய்த்தால் படம் இடவலம் மாறி இறங்கும். அச்செடுக்கும்போது அது நேராகிவிடும். நேராக லினோவிலேயே எழுதிவிட்டுச் செதுக்கும் பிள்ளைகளுக்குப் பெயரெல்லாம் இடவலம் மாறி வந்து நிற்கும், அதுவும் இரண்டு மணி நேரம் செதுக்கிய பிறகு. செதுக்கும் முன் லினோவை ஐந்து நிமிடம் வெயிலில் காட்டினால் இளகும். நம் ஊர் வெயிலுக்கு அதற்கு மேல் வேண்டாம். கோட்டுக்கு V கத்தி, பரப்பைத் துடைத்தெடுக்க U கத்தி. பிடிக்கும் கை எப்போதும் கத்திக்குப் பின்னால் இருக்க வேண்டும். முன்னும் பின்னும் சட்டம் அடித்த ஒரு பலகையை மேஜை விளிம்பில் மாட்டிக்கொண்டால் லினோ நழுவாது, கையும் பிழைக்கும்.

கோடு உடைவதற்கு ஒரே காரணம்தான் பெரும்பாலும். கத்தியைக் கோட்டின் அடிவயிற்றுக்குள் சாய்த்துச் செதுக்கியிருப்பார்கள். மேலே கோடு இருக்கும், கீழே தாங்க ஒன்றும் இருக்காது, அழுத்தும்போது சாய்ந்துவிடும். கத்தி வெளிப்பக்கம் சாய்ந்து, கோட்டின் அடி அகலமாக நிற்க வேண்டும். மையை ரோலரில் மெல்லிசாகப் பரப்ப வேண்டும். உருட்டும்போது "உஸ்" என்று சீரான சத்தம் வந்தால் அளவு சரி, சப்பென்று ஒட்டும் சத்தம் வந்தால் அதிகம், நுண்ணிய கோடுகளெல்லாம் அடைந்துபோகும். அழுத்த பிரஸ் தேவையில்லை, கரண்டி முதுகு போதும். முதல் இரண்டு மூன்று தாள் வெளிறித்தான் வரும். அதைப் பார்த்து மையைக் கொட்டிவிடக் கூடாது. தண்ணீர் மை என்றால் மே மாதத்தில் ஃபேனை நிறுத்திவிட்டு வேலை செய்வது நல்லது, இல்லாவிட்டால் தாள் வைப்பதற்குள் காய்ந்துவிடும்.

செதுக்கியதைத் திரும்ப ஒட்ட முடியாது. அதனால் இங்கே யோசனையெல்லாம் கத்தி எடுப்பதற்கு முன்னால் நடந்தாக வேண்டும். இந்தப் புத்தி ரவிக்கை வெட்டும்போது எப்படி உதவுகிறது பார். மடிக்காமல் ஒற்றையாக விரித்த துணியில் முன்பாகத்தை ஒருமுறை வெட்டிவிட்டு, அதே காகித வடிவத்தைத் திருப்பிப் போடாமல் மறுபடி வெட்டினால் இரண்டுமே இடப்பக்கமாக வந்துவிடும். கைக்கும் அதே கதி. புதிதாகத் தைப்பவர்கள் துணியை வீணாக்குவது இங்கேதான். கண்ணாடிப் பிம்பமாகப் பார்த்துப் பழகியவள் வடிவத்தைத் திருப்பாமல் கத்தரிக்கோலை எடுக்க மாட்டாள். சுவரில் அலமாரிக்கு ஓட்டை போடும்போதும் இதே நிதானம் வேலைக்கு வரும்.

நாடகத்தைப் பற்றிப் பொதுவாகச் சொல்வது கூச்சம் போகும் என்பதுதான். அது போனாலும் போகும், போகாவிட்டாலும் போகட்டும். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. தன் வசனத்தை மட்டும் நெட்டுருப் போடும் பிள்ளை மேடையில் திணறுவாள், ஏனென்றால் எப்போது பேச வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாது. எதிரில் இருப்பவரின் கடைசி மூன்று நான்கு சொற்களையும் சேர்த்து மனப்பாடம் செய்ய வேண்டும். அந்தச் சொற்கள் காதில் விழுந்த பிறகே வாய் திறக்க வேண்டும். அடுத்தவர் முடிக்கும்வரை காது கொடுக்கிற இந்தப் பழக்கம் வீட்டில் எத்தனை சண்டையை மிச்சப்படுத்தும் என்று உனக்கே தெரியும்.

இன்னொன்று குரல். நம் பேச்சில் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. பிள்ளைகள் தொடக்கத்தில் சத்தமாகச் சொல்லிக் கடைசியில் குரலை இறக்கிவிடுவார்கள். தலைக்கு மேல் நாலு ஃபேன் ஓடுகிற பள்ளிக் கூடத்தில் "நான் நாளைக்கு உங்கள் வீட்டுக்கு" வரை கேட்கும், வருவேனா வரமாட்டேனா என்பது காற்றோடு போய்விடும். கடைசி வரிசையில் ஒருவரை உட்காரவைத்து, வினைச்சொல் கேட்காதபோதெல்லாம் கை தூக்கச் சொன்னால் இரண்டு ஒத்திகையில் திருந்தும். பேங்க் கவுன்ட்டரிலும் போனிலும் இதே குறைதான் பெரியவர்களுக்கும்.

மேடைப் பொருள்களுக்கு ஒரு சின்ன ஏற்பாடு உண்டு. மேஜையில் பிரவுன் ஷீட் ஒட்டி, ஒவ்வொரு பொருளையும் வைத்துச் சுற்றிலும் கோடு போட்டுப் பெயர் எழுதிவிட வேண்டும். கிளம்பும் முன் ஒரு பார்வை, காலியான கட்டம் எது என்று தெரிந்துவிடும். வண்டிச் சாவி, மூக்குக் கண்ணாடி, மாத்திரை டப்பாவுக்கும் இதைச் செய்து பார்.

பத்திரிகை வேலையில் அவளுக்குப் பிடிபடாத பக்கக் கணக்கை எழுதியிருந்தாயே, அது எளிது. ஏ4 தாளை மடித்தால் நான்கு பக்கம், அதனால் மொத்தம் நான்கின் மடங்காக இருக்க வேண்டும். 16 பக்கத்துக்கு நான்கு தாள். ஒரே தாள் முகத்தில் அடுத்தடுத்து வரும் இரு பக்கங்களின் கூட்டு எப்போதும் 17. வெளித்தாளில் ஒரு முகம் 16, 1. மறுமுகம் 2, 15. அடுத்ததில் 14, 3, 4, 13. இப்படியே போனால் நடுத்தாளில் 8, 9 வந்து நிற்கும். எழுதத் தொடங்கும் முன் வெற்றுத்தாளில் ஒரு மாதிரி மடித்து, எண் போட்டுக்கொள்ளச் சொல். மடிப்புப் பக்கம் ஒன்றரை சென்டிமீட்டர் விட வேண்டும். வெளி விளிம்பில் ஜெராக்ஸ் மிஷின் அரை சென்டிமீட்டர் வரை தின்றுவிடும், அதற்கும் இடம் வேண்டும். பென்சில் படம் ஜெராக்ஸில் மங்கும், கறுப்பு மைதான் நிற்கும். ஸ்டேப்ளர் நடுவரை எட்டாவிட்டால் ஊசி நூல் எடுத்து மூன்று ஓட்டைத் தையல் போடலாம். உள்ளிருந்து நடு ஓட்டையில் வெளியே, மேல் ஓட்டையில் உள்ளே, கீழ் ஓட்டையில் வெளியே, மறுபடி நடுவில் உள்ளே. உள்ளே நீளமாக ஓடும் நூலுக்கு இருபுறமும் இரு முனையும் வருமாறு முடிச்சிட்டால் கழலாது.

மெய்ப்புப் பார்ப்பதற்கு இருவர் வேண்டும். ஒருவர் மூலத்தை உரக்கப் படிக்க, மற்றவர் பிரதியில் விரல் வைத்துத் தொடர்ந்து வர வேண்டும். எழுதியவரே பார்த்தால் கண் தானாகத் திருத்திப் படித்துக்கொள்ளும். பின்னாளில் கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போகும்போது இந்தப் பெண்தான் தமிழ்த் தேதி, ஆங்கிலத் தேதி, கிழமை மூன்றும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பாள்.

ஓவியத்தில் பார்த்து வரைவதை மட்டும் விடாமல் இருக்கச் சொல். இங்கே வந்ததும் மெரினாவில் உழைப்பாளர் சிலை முன்னால் ஒரு காலை உட்காரவை. கவின் கலைக் கல்லூரி முதல்வராக இருந்த ராய் சவுத்ரி செய்தது. நான்கு பேர் பாறையைப் புரட்டுகிற அந்தச் சாய்வைப் பிடித்துவிட்டால் நிற்கிற மனிதரை வரைவது சுலபம். பென்சிலைக் கண்ணுக்கு நேரே நீட்டிச் சிலையின் அளவுகளை ஒப்பிட்டு அளக்கும்போது முழங்கை மடங்கவே கூடாது, மடங்கினால் ஒவ்வொரு அளவும் ஒவ்வொரு விதமாக வரும். இப்படி விகிதம் பார்த்துப் பழகிய கண், பீரோ அந்த வாசலில் நுழையுமா என்பதைத் தூக்குவதற்கு முன்பே சொல்லும்.

ஆனால் எல்லா வகுப்பும் இதைத் தராது. அச்சிட்ட படத்துக்கு வண்ணம் தீட்டி மாதம் ஒரு சான்றிதழ் வாங்குகிற இடங்கள் இங்கே தெருவுக்குத் தெரு உண்டு. ஸ்டேஷனரிக் கடையில் தயாராக விற்கிற பிராஜெக்ட் மாடலை வாங்கி அவள் பெயர் எழுதி அனுப்புவதும், நீயே ராத்திரி உட்கார்ந்து வெட்டி ஒட்டிக் கொடுப்பதும் ஒன்றுதான். சேர்க்கும் முன் இரண்டு விஷயம் பார். பிள்ளைகள் தொடங்கியதை முடிக்கிறார்களா, முடித்த பிறகு பிரஷ்ஷை யார் கழுவுகிறார்கள். மாஸ்டரே கடைசியில் தொட்டுச் சரிசெய்து கொடுத்தால் அந்த வகுப்பு வேண்டாம்.

பத்தாவதுக்கு என் கணக்கு இது: சனிக்கிழமை இரண்டு மணி நேரம், ஆறு வாரத்துக்கு ஒரு வேலை, சின்னதாக இருந்தாலும் முடிந்ததாக இருக்க வேண்டும். ஜூனிலிருந்து அரையாண்டு வரை மூன்று நான்கு தேறும். நாடகம் இந்த வருடம் வேண்டாம், ஒத்திகை மாலை நேரத்தையெல்லாம் தின்றுவிடும், அவளால் நிறுத்தவும் முடியாது. மிருதங்கம் தினம் இருபது நிமிடம். ஜனவரி முதல் பொதுத்தேர்வு வரை கத்தி, மை எல்லாம் பரணில் இருக்கட்டும். ஓவியத்தையே படிப்பாக எடுப்பாளா என்று இப்போதே கவலைப்படாதே. பெரியார் சாலையில் அரசு கவின் கலைக் கல்லூரி 1850-இலிருந்து இருக்கிறது, அவள் பன்னிரண்டு முடிக்கும்வரை எங்கும் போய்விடாது.

வீட்டு விஷயம். எங்கள் பக்கம் பார்ப்பதானால் போர் தண்ணீர் உப்பா, மெட்ரோ தண்ணீர் எப்போது வருகிறது என்று வீட்டு ஓனரிடம் கேட்காமல் கீழ்வீட்டில் கேள். மொட்டை மாடிக்கு அடுத்த கீழ்த் தளமும் மேற்குச் சுவர் அறையும் கோடையில் தாங்காது. அவள் மேஜைக்கு ஜன்னலோரம் நான்கடி இடம் இருந்தால் போதும். டி.சி.யை மே மாதமே வாங்கி வைத்துக்கொள். லினோவும் மையும் அங்கே தேட வேண்டாம், தாளுக்காக நான் எப்படியும் பாரிமுனை ஆண்டர்சன் தெருப் பக்கம் போவேன், அப்போது தேடி வாங்கி வைக்கிறேன். பழைய செய்தித்தாளை மட்டும் எடைக்குப் போட்டுவிடாதே. பாத்திரம் சுற்றவும் ஆகும், இங்கே மேஜையில் விரிக்கவும் ஆகும்.

அன்புடன்,
சாந்தி