வைஃபை அறுந்தால் காரணத்தையும் காட்டுங்கள்

லினக்ஸ் கணினிகளுக்கு நெட்வொர்க் திரைகள் எழுதும் நண்பர்களுக்கு,

வணக்கம். வைஃபை ஏன் அறுந்தது என்பது பெரும்பாலும் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குத் தெரியும். காரணத்தை ஓர் எண்ணாக, வைஃபை பற்றி கெர்னலும் நிரல்களும் பேசிக்கொள்ளும் என்எல்80211 இடைமுகம் வழியே, உங்கள் நிரல்களுக்கும் அனுப்பிவிடுகிறது. கணினி முன் உட்கார்ந்திருப்பவருக்குக் கிடைப்பதோ "இணைப்பு தோல்வி" என்ற இரண்டு சொல்தான். அக்கம்பக்கத்தில் யாருக்கு நெட் வரவில்லை என்றாலும் டெர்மினலைத் திறந்து கெர்னல் பதிவைப் பார்த்துத்தான் நான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. பல நேரம் அந்தப் பதில் ஒரே வரியில் அங்கே கிடக்கிறது.

பட்டியலில் வைஃபை பெயரைத் தொட்டதும் என்ன நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் படிகளை ஒருமுறை சொல்லிவிடுகிறேன், என் குறையே அங்கேதான் இருக்கிறது. முதலில் தேடல். அப்புறம் ஆதென்டிகேஷன் என்ற முதல் அறிமுகம், கெர்னல் பதிவில் "முயற்சி 1/3" என்று வருமே, அது. அடுத்து அசோசியேஷன், ரௌட்டர் நம்மைச் சேர்த்துக்கொள்கிறது. டபிள்யூபிஏ2 பாஸ்வேர்ட் போட்ட வீட்டு வைஃபையில் இதுவரைக்கும் அந்தப் பாஸ்வேர்டை யாரும் சரிபார்த்திருக்கவே மாட்டார்கள். தப்பான பாஸ்வேர்டைக் கொடுத்தாலும் கெர்னல் பதிவில் "அசோசியேட்டட்" என்று வந்துவிடும். பிறகு ரௌட்டரும் கணினியும் மாறி மாறி அனுப்பும் நான்கு செய்திகளின் பரிமாற்றத்தில்தான் உண்மை வெளியே வரும். நம் பக்கத்தில் அதை நடத்துவது கெர்னலுக்கு வெளியே ஓடும் டபிள்யூபிஏ சப்ளிகன்ட் மாதிரியான நிரல். கடைசியாக ஐபி முகவரி. இத்தனை படிகளுக்கும் உங்கள் திரையில் ஒரே ஒரு சுழலும் வட்டம்.

நான்கு செய்திகளும் நேரத்துக்குள் முடியாவிட்டால் ரௌட்டர் நம்மை வெளியே அனுப்பும், பெரும்பாலும் 15 என்ற காரண எண்ணோடு. உடனே உங்கள் திரை மறுபடி பாஸ்வேர்ட் கேட்கிறது. சிக்னல் மோசமாகி ஒரு செய்தி தொலைந்தாலும் இதே 15 வரலாம். பாவம், சரியான பாஸ்வேர்டை வைத்திருப்பவர் அதையே திரும்பத் திரும்ப அடித்துவிட்டு, கடைசியில் ரௌட்டரையே ரீசெட் செய்கிறார். இதைப் பிரித்தறிய வழி இருக்கிறது. நம் இரண்டாவது செய்தியைச் சரிபார்த்த பிறகுதான் ரௌட்டர் மூன்றாவதை அனுப்பும். ஆகவே மூன்றாவது செய்தி வந்துவிட்டால் பாஸ்வேர்ட் சரி என்று அர்த்தம். அதற்குப் பிறகு எது கெட்டாலும் பாஸ்வேர்ட் பெட்டியைக் காட்டாதீர்கள்.

இன்னொன்று எண் 4. நீண்ட நேரம் பேச்சுமூச்சில்லை என்பதால் துண்டிக்கப்பட்டது என்பது அதன் பொருள். ரௌட்டர் அதை அனுப்பினால் சரி. ஆனால் அதே எண்ணை நம் கெர்னலும் போடும். ரௌட்டர்கள் வழக்கமாக 102.4 மில்லி வினாடிக்கு ஒருமுறை, தாம் இருப்பதை அறிவிக்கும் பீக்கன் என்ற சிறு செய்தியை அனுப்புகின்றன. பீக்கன்களை கெர்னலின் வைஃபை பகுதியான எம்ஏசி80211 தானே எண்ணும் வைஃபை கார்டுகளில், சாதாரண அமைப்பில் ஏழு பீக்கன் தொடர்ந்து வராவிட்டால் அதற்குச் சந்தேகம் வரும். அப்போதும் அவசரப்பட்டு அறுக்காது, ரௌட்டரைக் கூப்பிட்டுப் பார்க்கும். பதில் இல்லை என்றால்தான் 4 என்று எழுதி முடித்துக்கொள்ளும். எண் ஒன்று, கதை இரண்டு: ஒன்றில் ரௌட்டர் நம்மை அனுப்பிவிட்டது, மற்றதில் சிக்னல் போனதால் நாமே விலகினோம். துண்டித்தது ரௌட்டரா நாமா என்ற குறிப்பையும் கெர்னல் எண்ணோடு சேர்த்தே தருகிறது. அதைத் தூக்கிப்போடலாமா?

எண்ணை அப்படியே திரையில் போடச் சொல்லவில்லை. எந்தப் படியில் நின்றது, யார் துண்டித்தது, இந்த இரண்டும் ஒரு வரியில் வந்தால் போதும். "ரௌட்டரின் சிக்னல் நின்றுவிட்டது, கொஞ்சம் அருகில் போய்ப் பாருங்கள்." "சேர்ந்தாயிற்று, ஐபி முகவரி இன்னும் வரவில்லை." எண் 7 வந்தால், "ரௌட்டரின் கணக்கில் இந்தக் கணினி இப்போது இல்லை, மறுபடி சேர்கிறோம்." சில கார்டுகளில் இணைப்பு வேலை முழுவதையும் கார்டுக்குள் ஓடும் ஃபர்ம்வேர் என்ற நிரலே பார்த்துக்கொள்வதால் காரணம் வெளியே வராமலும் போகும் என்பது தெரியும். அங்கே "காரணம் தெரியவில்லை" என்றே எழுதுங்கள், பாஸ்வேர்ட் மேல் பழி போட வேண்டாம்.

தமிழ் வாசகங்களை எழுதித்தர நான் தயார். எந்தெந்தச் சூழலுக்கு வேண்டும் என்று ஒரு பட்டியல் மட்டும் அனுப்புங்கள்.

அன்புடன்,
ஒரு லினக்ஸ் பயனர்