இரு கைப் பயிற்சிக் கூடம்: அக்டோபர் 15-க்குள் இன்னும் ரூ.52,500 வேண்டும்

ஊர்ப் பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும், வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

பக்கவாதம் வந்தவர்களுக்காக நம் சாவடியின் மேற்கு அறையில் அமைத்துவரும் பயிற்சிக் கூடத்தை, உலகப் பக்கவாத தினமான அக்டோபர் 29 அன்று திறப்பதாக இருக்கிறோம். சாமான் கடைக்காரர் 15-ஆம் தேதிக்குள் முழுப் பணமும் கேட்கிறார்.

"நடக்க வைத்தால் போதாதா, கைக்கு எதற்கு இவ்வளவு?" என்று சிலர் கேட்டீர்கள். மூளையின் ஒரு பக்கம் அடைப்போ ரத்தக்கசிவோ வந்தால் எதிர்ப்பக்கக் கைகால் இழுத்துக்கொள்கிறது. வீட்டுக்கு வந்ததும் எல்லா வேலையும் நல்ல கையிலேயே நடந்துவிடும். தெம்பு கொஞ்சம் திரும்பினாலும் விழுந்த கை மடியிலேயே கிடக்கும். ஆனால் முல்லை கட்ட ஒரு கை போதுமா? இடது கை காம்புகளைச் சேர்த்துப் பிடிக்க, வலது கை நாரைச் சுற்றி முடிச்சிட வேண்டும். இழுப்பு கூடினால் காம்பு அறும், பிடி தளர்ந்தால் பூ உதிரும். வேட்டி கட்டுவதும் துண்டு பிழிவதும் அப்படித்தான்.

அதனால் இரு கையும் சேர்ந்து சுழற்றும் இயந்திரத்தில் தொடங்கி, ஒரு கை பிடிக்க மறு கை வேலை செய்யும் பயிற்சிக்குப் போவோம். கண்ணாடிப் பெட்டியும் உண்டு. நல்ல கை அசைவதைக் கண்ணாடியில் பார்த்தால், விழுந்த கையே அசைவதுபோல மூளைக்குத் தோன்றும். தமிழ்நாட்டில் பிறந்த மருத்துவர் வி.எஸ்.ராமச்சந்திரன் கை இழந்தவர்களுக்கு, இல்லாத அந்தக் கையில் தோன்றும் வலிக்குக் கையாண்ட முறை இது. பக்கவாதத்துக்கும் பயன்படுமா என்று பார்த்து அவரும் சகாக்களும் 1999-இல் எழுதினார்கள். எல்லோருக்கும் கை முழுதாகத் திரும்பும் என்று நாங்கள் சொல்லவில்லை.

1930-இல் ராஜாஜி தலைமையில் உப்புச் சத்தியாக்கிரகிகள் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்து வந்தார்கள். சோறு போட்டால் தண்டனை என்று கலெக்டர் தார்ன் மிரட்டினார். அன்றைய தஞ்சை ஜில்லா ஜனங்கள் என்ன செய்தார்கள்? சோற்றுப் பொட்டலத்தை மரக்கிளையில் கட்டித் தொங்கவிட்டார்கள்! 2018 கஜா புயலில் கூரை இழந்தவர்கள் தங்கியதும் இதே சாவடியில்தான். இன்று கொடுக்காதே என்று யாரும் நம்மைத் தடுக்கவில்லை.

செலவு: கைச்சுழற்சி இயந்திரம் ரூ.18,500. உயரம் மாற்றும் மேசை இரண்டு ரூ.22,000. கப்பிக் கயிறு ரூ.1,200. கண்ணாடிப் பெட்டி மூன்று ரூ.2,400 (நம் ஆசாரி கூலி வாங்கவில்லை, இது பலகைக்கும் கண்ணாடிக்கும்தான்). பிசியோதெரபிஸ்ட்டுக்கு ஆறு மாதச் சம்பளம் ரூ.90,000. மொத்தம் ரூ.1,34,100. வந்தது ரூ.81,600.

இதுவரை தந்தவர்களை எப்படி மறப்போம்? பூ விற்ற காசில் வாரம் தவறாமல் உண்டியலில் போட்ட கீழத்தெரு மகளிர் குழு, ஒரு மாத ஓவர்டைம் பணத்தை அப்படியே அனுப்பிய சிங்கப்பூர்த் தம்பிகள், தாத்தாவின் திதிச் செலவைச் சுருக்கிக் கொடுத்த குடும்பம், அறைக்கு வெள்ளையடித்துக் கொடுத்த இளைஞர்கள், ஒயரிங் செய்துவிட்டு டீ மட்டும் குடித்துப்போன எலக்ட்ரீஷியன். எல்லோருக்கும் மறைக்காட்டு ஈசன் துணையிருப்பார்.

போன பங்குனித் திருவிழாவில் மைக்கில் தொகை சொல்லி, கைதட்டும் வாங்கி, இன்னும் தராதவர்களும் உண்டு. பெயர் சொல்லப் போவதில்லை. நோட்டில் இருக்கிறது, ஊருக்கும் தெரியும். சரி, அதையாவது இந்த வாரம் கட்டிவிடுங்கள்.

மாலை ஆறு மணிக்கு மேல் சாவடியில் பொருளாளர் இருப்பார். நூறு ரூபாயானாலும் ரசீது கேட்டு வாங்குங்கள். பணம் இல்லாதவர்கள், பாதிக்கப்பட்டவர்களை வாரம் ஒரு நாள் வண்டியில் கூட்டிவரப் பெயர் கொடுக்கலாம்.

இப்படிக்கு,
பயிற்சிக் கூடக் கமிட்டியார்