ஒரு பூட்டும் ஒரு பட்டப்படிப்பும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிளஸ் டூ முடித்தவர்களுக்காக நீங்கள் வெளியிட்ட உயர்கல்விப் பக்கங்களில் 'பாதுகாப்பு அறிவியல்' என்ற படிப்புக்கு நான்கே வரிகள் ஒதுக்கியிருந்தீர்கள். அதைப் படித்துவிட்டு என் தங்கை மகள் போன் செய்தாள். "மாமா, இதைப் படிச்சா கடைசியில நானும் உங்கள மாதிரி கேட்லதான் நிக்கணுமா?" என்று கேட்டாள். கிண்டலாக இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். போனில் எனக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை. அவளைப் போலவே யோசிக்கும் பிள்ளைகளும் பெற்றோர்களும் நிறைய இருப்பார்கள் என்பதால் உங்களுக்கு எழுதுகிறேன்.

ராணுவத்தில் 17 வருடம் இருந்துவிட்டு, அப்புறம் கடலூர் சிப்காட்டில் 19 வருடம் ஆலைப் பாதுகாப்பு வேலை பார்த்தேன். அதில் ஓர் இரவை மட்டும் சொல்கிறேன்.

நான் இருந்த ஆலையின் வடக்கு மூலையில் ஒரு சின்ன கேட் உண்டு. அந்தப் பக்கமாக வந்து மூன்று முறை செம்பு கேபிளைத் திருடிக்கொண்டு போய்விட்டார்கள். சங்கிலி போட்டுப் பூட்ட வேண்டும் என்று நான்தான் எழுதிக் கொடுத்தேன். மேலாளர் கையெழுத்துப் போட்டார். சாவியை மெயின் கேட்டில் மாட்டி வைத்தோம், திருட்டும் நின்றது. எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள்.

நான்கு மாதம் கழித்து, ஐப்பசி மழை நாளில், நள்ளிரவு 2 மணி தாண்டியிருக்கும், கரைப்பான் போகும் குழாயில் ஓர் இணைப்பு விட்டுப்போய்ப் புகை கிளம்பியது. கண்ணைத் திறக்க முடியாத எரிச்சல். நைட் ஷிப்டில் அந்தப் பக்கம் இருந்தவர்கள் பக்கத்தில் இருந்த வடக்கு கேட்டுக்குத்தான் ஓடினார்கள். கேட் பூட்டியிருந்தது. சாவியை எடுத்துக்கொண்டு நான் மழையில் ஓடிப் போய்ச் சேர்வதற்குள் ஒருவர் சுவரேறிக் குதித்துக் கணுக்காலை உடைத்துக்கொண்டார். உயிர்ச்சேதம் இல்லை, அது எங்கள் நல்ல நேரம். ஆனால் அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களின் முகம் இன்றைக்கும் எனக்கு மறக்கவில்லை. அந்தப் பூட்டைப் போட்டவன் நான்.

அந்த ஆலையில் சேஃப்டிக்கு ஒரு துறை, செக்யூரிட்டிக்கு ஒரு துறை. விபத்தைப் பார்ப்பது அவர்கள் வேலை, திருட்டைப் பார்ப்பது எங்கள் வேலை. நான் பூட்டுப் போட்டது சேஃப்டி அலுவலருக்கே தெரியாது, அவரிடம் கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. தமிழில் இரண்டுக்கும் பாதுகாப்பு என்ற ஒரே சொல்தான். நாங்கள் மட்டும் அதை இரண்டாகப் பிரித்துக்கொண்டு ஆளுக்கொரு அறையில் உட்கார்ந்திருந்தோம்.

அதற்கு அடுத்த வருடம் காப்பீட்டு நிறுவனத்தின் சார்பில் ஒரு பெண் ஆய்வுக்கு வந்தார். முப்பது வயது இருக்கலாம், இந்தத் துறையையே முறையாகப் படித்தவர். கையில் ஒரு ஸ்டாப்வாட்ச். எங்கள் காவலர் ஒருவரை வேலிக்கு வெளியே நிறுத்தி, ஸ்டோர் வரைக்கும் வரச் சொன்னார். ஒன்றரை நிமிடத்தில் வந்துவிட்டார். கேமரா அறையில் பார்த்துச் சொல்லி, எங்கள் ஆள் அங்கே போய்ச் சேர நாலரை நிமிடம். "சார், உங்க கேமரா நல்லாத்தான் வேலை செய்யுது. ஆனா மூணு நிமிஷம் உங்ககிட்ட இல்லையே" என்றார். அந்த மூன்று நிமிடத்தை எங்கே சம்பாதிப்பது என்றும் அவரே காட்டினார். ஸ்டோர் கதவுக்கு உள்ளே இரும்புக் கிராதி ஒன்று, காவலர் நிற்கும் இடத்தில் ஒரு மாற்றம், அவ்வளவுதான். வடக்கு கேட்டைப் பற்றிக் கேட்டேன். உள்ளே இருந்து தள்ளினால் உடனே திறக்கிற, வெளியே இருந்து திறக்க முடியாத, திறந்தால் சைரன் அடிக்கிற கதவு ஒன்று இருக்கிறது என்றார். மறு மாதமே அதைப் போட்டோம். எனக்கு அப்போது 48 வயது. அப்படி ஒரு கதவு உலகத்தில் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

தடுக்க வேண்டும், கண்டுபிடிக்க வேண்டும், தாமதப்படுத்த வேண்டும், போய்ச் சேர வேண்டும். இந்த நான்கும்தான் இந்தப் படிப்பின் பாலபாடம். கண்டுபிடித்த பிறகு கிடைக்கிற தாமதம், நம் ஆள் போய்ச் சேருகிற நேரத்தைவிட அதிகமாக இருக்க வேண்டும். கேட்கச் சுலபமாக இருக்கும். நான் எத்தனையோ ஆலைகளைப் பார்த்திருக்கிறேன், இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவர்கள் மிகக் குறைவு.

இன்னொன்றும் இருக்கிறது. பழுதாகும் வால்வு நம்மைப் பார்த்துத் தன் திட்டத்தை மாற்றிக்கொள்ளாது. திருட வருகிறவன் மாற்றுவான். நாம் மணிக்கு ஒரு தரம் ரவுண்ட்ஸ் போகிறோம் என்று தெரிந்தால் இடைப்பட்ட நேரத்தில் வருவான். அதனால் இயந்திரத்தோடு மனித மனத்தையும் படிக்க வேண்டியிருக்கிறது. காவலரின் மனமும் அதில் அடக்கம். இரண்டாம் உலகப் போரில் ரேடார் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஏன் கவனம் தவறினார்கள் என்று நார்மன் மேக்வொர்த் என்ற உளவியலாளர் ஆராய்ந்தார். வேலை தொடங்கி அரை மணி நேரத்திலேயே கவனம் குறையத் தொடங்கிவிடுகிறது என்று 1948-இல் எழுதினார். நாமோ ஓர் ஆளைக் கேமரா அறையில் உட்கார வைத்து, 16 படங்களைக் காட்டி, 12 மணி நேரம் பார் என்கிறோம். ஏதாவது தவறினால் தூங்கிவிட்டான் என்று மெமோ கொடுக்கிறோம்.

நம் ஊருக்கு இது வெளிநாட்டு விஷயமே இல்லை. 2021 மே மாதம் சிப்காட்டில் பூச்சிக்கொல்லி ஆலை விபத்தில் நான்கு பேர் இறந்ததை நாம் மறக்கவில்லை. பகலில் கடல் காற்று, இரவில் நிலக்காற்று. வாயு கசிந்தால் ஆட்களை எந்தப் பக்கம் கூட்டிப் போவது என்பது மணியைப் பொறுத்து மாறும், கேட்டில் நிற்கிறவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம் கடற்கரையில் சேருகிற கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு சதுர மீட்டருக்கு ஆறு, ஏழு பேர் என்று நெருங்கிவிட்டால் யாரும் தன் காலால் நகர முடியாது, கூட்டம்தான் ஆளை நகர்த்தும். அந்த நிலை வருவதற்கு முன்பே வழியைப் பிரித்துவிட வேண்டும். வந்த பிறகு விசில் ஊதிப் பயனில்லை.

2005-இல் வந்த தனியார் பாதுகாப்பு முகமைகள் சட்டத்தின்படி, புதிதாகச் சேரும் காவலருக்கு வகுப்பில் 100 மணி, களத்தில் 60 மணி பயிற்சி தர வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆனால் சாயங்காலம் சீருடை வாங்கிக்கொண்டு அன்று இரவே கேட்டில் நின்ற பையன்களை நானே பார்த்திருக்கிறேன். அவர்கள் மேல் தப்பில்லை. அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் படித்த ஆட்கள் மேலே இல்லை.

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் எடித் கோவன் பல்கலைக்கழகம் இதைப் பட்டப்படிப்பாகவே கற்பித்திருக்கிறது. அவ்வளவு தூரம் போக வேண்டாம். குஜராத்தில் உள்ள ராஷ்ட்ரிய ரக்ஷா பல்கலைக்கழகம் 2020-இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் தேசிய முக்கியத்துவம் பெற்ற நிறுவனமாகியது. அதற்குப் புதுச்சேரியிலேயே ஒரு வளாகம் இருக்கிறது. கடலூரில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் புதுச்சேரி. உங்கள் வழிகாட்டியில் இது ஒரு வரியாவது வந்திருக்கலாம். அடுத்த இதழில் அங்கே என்ன படிப்புகள், என்ன தகுதி, எவ்வளவு கட்டணம் என்று விசாரித்து வெளியிடுங்கள்.

தங்கை மகளுக்கு இப்போது சொல்கிறேன். கேட்டில் நிற்பது கேவலம் இல்லைம்மா, நான் நின்றவன். ஆனால் நீ படித்தால், அந்த கேட் எங்கே இருக்க வேண்டும், எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்று முடிவு செய்கிற இடத்தில் இருப்பாய். ஸ்டாப்வாட்சோடு வந்தாரே, அவரை மாதிரி.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கும் ஒரு வேண்டுகோள். கடலூர் மாவட்டத்து அரசுக் கல்லூரிகள் இப்போது உங்கள் கீழ்தான் இருக்கின்றன. தேவனாம்பட்டினத்துப் பெரியார் கலைக் கல்லூரியில் இதற்கு ஒரு டிப்ளமோவாவது தொடங்குங்கள். வேதியியல் துறை, உளவியல் தெரிந்தவர், சட்டம் தெரிந்தவர் ஒருவர், தீயணைப்புத் துறையிலிருந்து ஒருவர் கூடினாலே ஆரம்பித்துவிடலாம். சேஃப்டியையும் செக்யூரிட்டியையும் ஒரே வகுப்பில் வையுங்கள். சனி, ஞாயிறில் நடத்தினால் ட்யூட்டியை மாற்றிக்கொண்டு காவலர்களும் வருவார்கள். முதல் வருடம் நான்கு பேரைச் சேர்த்துவிடுவது என் பொறுப்பு. என்னைக் கூப்பிட்டால், அந்த வடக்கு கேட் கதையைச் சொல்ல நானும் ஒரு வகுப்புக்கு வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆலைப் பாதுகாப்பு அலுவலர்,
கடலூர் முதுநகர்.