முன்னுரை இல்லாமல் ஒரு கடிதம்

பள்ளத்தூர்
புதன் இரவு

அன்புள்ள சிவப்பு மசிக்கு,

நான்கு மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. காரணம் சொன்னால் நம்பமாட்டாய், சொல்லாவிட்டால் திட்டுவாய். திட்டையே வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லாரும் நலம். அத்தைக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, வாய் குறையவில்லை. சின்னவன் பாலிடெக்னிக்கில் சேர்ந்துவிட்டான். நம் விடுதி வார்டன் அம்மாவைக் காரைக்குடிச் சந்தையில் பார்த்தேன். இன்னும் அதே குடை. முதலில் உன்னைத்தான் விசாரித்தார். ஜன்னல் விவகாரத்தை மறக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

போன கோடையில் ஒரு கட்டு நகல் அனுப்பி, "படித்துவிட்டு எடைக்குப் போடு" என்று எழுதியிருந்தாயே, அங்கே தொடங்கியது வினை. அமெரிக்காவில் மெயின் மாநிலத்து ஆசிரியை நான்சி அட்வெல், தம் ஏழாம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் எதைப் பற்றி எழுதுவது என்பதை அவர்களிடமே விட்டுவிட்டார் என்று படித்ததும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. அங்கே நடக்கும், இங்கே நடக்குமா என்று தோன்றியது. 2015இல் உலக ஆசிரியர் விருதாகக் கிடைத்த பத்து லட்சம் டாலரையும் தாம் தொடங்கிய பள்ளிக்கே அந்த அம்மாள் கொடுத்துவிட்டதாக ஓரத்தில் கிறுக்கியிருந்தாய். அதைப் பார்த்த பிறகுதான் கொஞ்சம் மரியாதையோடு மறுபடி படித்தேன். எனக்குப் பத்து லட்சம் ரூபாய் வந்தால் முதலில் அடுப்படி ஒழுகலைத்தான் அடைப்பேன்.

அந்த அம்மாள் வழியை நானும் ஜூலையில் தொடங்கினேன். ஏழாம் வகுப்பு, வெள்ளிக்கிழமை பிற்பகல், கடைசி இரண்டு பாடவேளை. அதில் ஒன்று விளையாட்டுப் பாடவேளை என்பதால் பிள்ளைகள் ஒரு மாதம் எனக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை. பத்து நிமிடம் நான் பேசுவேன், பிறகு அவர்கள் எழுதுவார்கள், கடைசியில் விருப்பமுள்ளவர் வாசிக்கலாம். முதல் நாள் "என்ன வேண்டுமானாலும் எழுதுங்கள்" என்றேன். இருபத்தேழு பேரும் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். ஒருவன் எழுந்து, "முன்னுரை எத்தனை வரி, டீச்சர்?" என்றான். பத்தொன்பது பேர் நூலகத்தின் பயன்களை எழுதினார்கள். ஊரில் நூலகம் வாரத்தில் எத்தனை நாள் திறக்கிறது என்று கேட்டால் அதில் பாதிப் பேருக்குத் தெரியாது. முன்னுரை, பொருளுரை, முடிவுரை, நடுவே ஒரு குறள். யாரைக் குறை சொல்வது? உரைநூலைப் பார்த்து அதை மனப்பாடம் செய்ய வைத்தவளே நான்தானே.

அதைவிட மோசம், நான் அவற்றைத் திருத்தியது. உன் தொழில் உனக்குச் சரி. அச்சுக்குப் போவதைத் திருத்துகிறாய். நானோ ஒரு பையனின் நோட்டில் ஒரே பக்கத்தில் நாற்பத்தொரு இடத்தில் வட்டம் போட்டேன். லகர ளகரம், றகர ரகரம், ஒற்று. அடுத்த வெள்ளிக்கிழமை அவன் நான்கு வரி எழுதினான். "எங்கள் வீட்டில் மாடு உண்டு. அது நல்ல மாடு. அது பால் தரும். நான் அதை நேசிக்கிறேன்." ஒரு பிழை இல்லை. பிழை வராத சொற்களை மட்டும் பொறுக்கி எடுத்து எழுதியிருக்கிறான்! நன்று என்று போடப்போன கை அப்படியே நின்றுவிட்டது. இருபத்திரண்டு வருடமாக எத்தனை பிள்ளைகளை இப்படி நல்ல மாடு எழுத வைத்திருக்கிறேனோ.

அன்றிலிருந்து முதல் தடவை எழுதியதில் பேனா வைப்பதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி மட்டும் கேட்கிறேன். அந்தப் பையனிடம், "மாட்டை விடு, உன் அப்பா என்ன வேலை செய்கிறார்?" என்றேன். ஆத்தங்குடியில் தரைக்குப் பதிக்கிற பூக்கல் போடுகிறாராம். மூன்று வாரம் எழுதினான். கண்ணாடி மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அச்சுக்குள் சாயக் குழம்பை ஊற்றி, மணலும் சிமெண்டும் தூவி, மேலே கலவை போட்டு அமுக்குவதை எல்லாம் எழுதிவிட்டு, "பூ அடியில் இருக்கும். கண்ணாடியை எடுக்கிற வரைக்கும் எப்படி வந்திருக்கிறது என்று அப்பாவுக்கே தெரியாது" என்று முடித்திருந்தான். கண்ணாடி என்பதற்கு மூன்று இடத்தில் றன்னகரம் போட்டிருந்தான். இருந்துவிட்டுப் போகட்டும்.

ஒருநாள் ரோஜா முத்தையாவைப் பற்றிச் சொன்னேன். பக்கத்துக் கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிக்கொண்டிருந்த மனிதர், புத்தகம் மட்டுமல்லாமல் கல்யாணப் பத்திரிகை, துண்டறிக்கை எல்லாவற்றையும் சேர்த்துவைத்தார், அவர் போன பிறகு அதுவே 1994இல் சென்னையில் பெரிய நூலகம் ஆயிற்று என்றேன். "அப்படியென்றால் எங்கள் நோட்டுகளையும் அவர் எடைக்குப் போட்டிருக்கமாட்டாரா?" என்று ஒருத்தி கேட்டாள். இந்த வருட நோட்டுகளுக்கு அலமாரியில் ஒரு தட்டு ஒழித்துவைத்திருக்கிறேன்.

இப்போது உன்னிடம் கேட்கவேண்டியதற்கு வருகிறேன். சிரிக்காமல் படி.

வகுப்பில் ஒரு பெண் இருக்கிறாள். அவள் அம்மா ஒரு பெரிய வீட்டைக் காவல் பார்த்துக்கொள்கிறார். வீட்டுக்காரர்கள் வெளியூரில். முன்னோரைக் கும்பிடுகிற படைப்புக்கும் கல்யாணத்துக்கும்தான் வருவார்கள். பின்கட்டில் ஓர் அறையில் இவர்கள் குடியிருக்கிறார்கள். அந்தப் பெண் வீட்டைப் பற்றி ஆறு பக்கம் எழுதியிருக்கிறாள். சாவிக்கொத்து தன் தம்பியைவிடக் கனம் என்கிறாள். காற்றாடக் கதவுகளைத் திறந்துவிடும்போது ஒவ்வொன்றும் ஒவ்வொரு சத்தம் போடுமாம். கண்ணை மூடிக்கொண்டே எந்த அறை என்று சொல்லிவிடுவாளாம். வளவில், அதாவது நடுமுற்றத்தில், தூணுக்குத் தூண் ஓடி எண்ணுவதும், யாருமில்லாத மத்தியானத்தில் வீட்டுக்காரர் கட்டிலில் படுத்து மேலே உள்ள மரவேலைப்பாட்டைப் பார்ப்பதும் வருகிறது. கடைசி வரி இது: "அவர்கள் படைப்புக்கு வருகிற நாளில் மட்டும் அந்த வீட்டில் எனக்கு வழி தெரியாது."

வகுப்பில் அவள் வாசித்தபோது மின்விசிறிச் சத்தம்தான் கேட்டது. தலைமையாசிரியருக்கு ஒரே உற்சாகம். தேன்சிட்டு இதழுக்குப் பெயரும் படமும் போட்டு அனுப்பலாம் என்கிறார். அவளுக்கும் ஆசை.

மறுநாள் அவள் அம்மா வந்தார். தமக்குச் சரளமாகப் படிக்க வராது, நான் வாசிக்கவேண்டும் என்றார். வாசித்தேன். கதவுச் சத்தம் வந்த இடத்தில், "இரட்டை அறைக் கதவு அப்படித்தான் கத்தும்" என்று சிரித்தார். கட்டில் வந்ததும் சிரிப்பு நின்றது. முடித்த பிறகு வெகுநேரம் பேசவில்லை. "நோட்டில் இருக்கட்டும் டீச்சர். கிழிக்கவேண்டாம். வெளியே போகவும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு எழுந்துகொண்டார்.

உள்ளதை எழுது என்று சொன்னவள் நான். அதற்காகச் சாவிக்கொத்தைத் திருப்பிக் கொடுக்கவேண்டி வந்தால் கொடுப்பவர் அவர். இதை ஜூலையில் நான் யோசிக்கவே இல்லையடி. நாற்பத்தொரு வட்டம் போட்டதைவிட இது பெரிய தப்பாகத் தெரிகிறது. தலைமையாசிரியரிடம் அனுப்பக்கூடாது என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் சரியில்லை, அது பரவாயில்லை. பெண்ணிடம்தான் அசட்டுத்தனமாக ஒன்று சொல்லிவைத்தேன்: "உனக்குப் பதில் ஒரு குருவி அந்த வீட்டில் இருப்பதாக மாற்றி எழுதிவிடேன், யாருக்கும் தெரியாது." அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "குருவிக்குக் கதவைத் திறக்கத் தெரியாதே, டீச்சர்."

இரண்டு வெள்ளிக்கிழமையாக அவள் நோட்டைத் திறக்கவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. அம்மா பக்கம்தான் நியாயம் என்று பகலில் தோன்றுகிறது. ராத்திரியில் அந்தக் கடைசி வரி நினைவுக்கு வந்தால் அப்படித் தோன்றுவதில்லை.

உனக்கு ஒரு நகல் அனுப்ப நினைத்து அவளிடம் கேட்டேன். யோசித்துவிட்டு, "நகல் வேண்டாம். உங்கள் சிநேகிதி வந்தால் நானே வாசிக்கிறேன்" என்றாள். அதற்குள் நான்கைந்து வரியை உனக்கு எழுதிவிட்டேன். நாளைக்கு அதையும் அவளிடம் சொல்லியாகவேண்டும்.

பிள்ளையார்பட்டிக்கு வேண்டுதல் பாக்கி என்று மூன்று வருடமாகச் சொல்கிறாய். வியாழன் ராத்திரி பஸ் ஏறினால் வெள்ளிக்கிழமை இங்கே இருக்கலாம். சிவப்புப் பேனாவை வீட்டில் வைத்துவிட்டு வா.

உன்,
ஒட்டடைக்குச்சி

பி.கு.: போன தடவை தேன்குழல் கொண்டுபோன எவர்சில்வர் தூக்கு அத்தையுடையது. மூடியோடு கொண்டு வா. மூடியில்லாமல் வந்தால் வாசலிலேயே நிற்கவேண்டியதுதான்.