டிசம்பர் குல்மார்க் பயணம் பற்றி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

டிசம்பரில் காஷ்மீரின் குல்மார்க்குக்கு எங்களோடு வந்தவர்களை, பனிச்சரிவு அபாயம் என்று மலைச்சரிவில் இறங்கவிடாமல் திருப்பிக் கூட்டிவந்தோம். அதைக் குறை சொல்லி அவர்களில் ஒருவர் பேசி, வாட்ஸ்அப்பில் சுற்றும் குரல்பதிவை நீங்களும் கேட்டிருப்பீர்கள். எனக்கே மூன்று பேர் அனுப்பினார்கள், அதில் ஒருவர் என் மைத்துனர்.

அறையில் ஹீட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்பது உண்மை. மன்னியுங்கள். ஆனால் "தொடையளவு பனிகூட இல்லை, இதில் எங்கே பனிச்சரிவு? கோண்டோலாவில் (ரோப் காரில்) மேலே கூட்டிப்போய் வேடிக்கை காட்டிவிட்டு, அதே பெட்டியில் இறக்கிவிட்டார்கள்" என்கிறாரே, அதை மட்டும் அப்படியே விட மனசு வரவில்லை.

பனி குறைவாக இருந்தது, பிரச்சினையே அதுதான். தரையை ஒட்டிய பனி ஏறக்குறைய 0 டிகிரியில் இருக்கும். மேகமில்லாத இரவில் மேற்பரப்பு மைனஸ் 15க்கும் கீழே போகும். நடுவில் இருப்பது அரை மீட்டர் பனிதான் என்றால், கீழிருந்து ஏறும் நீராவி பனித்துகள்களை ஒன்றோடொன்று ஒட்டாத குருணையாக்கிவிடும். இரண்டு மீட்டர் பனி இருந்தால் இவ்வளவு வேகமாக நடக்காது. அந்தக் குருணைமேல் புதுப்பனி விழுந்து, காற்றில் இறுகிப் பாளமாகிவிட்டால், கொட்டிய ஜவ்வரிசிமேல் தோசைக்கல்லைச் சாய்த்து வைத்த கதைதான். 30 முதல் 45 டிகிரி வரையுள்ள சரிவில் ஒரு ஆள் எடையே போதும்.

அன்று குல்மார்க்குக்கு மேலே உள்ள அஃபர்வாட் மலைச்சரிவின் ஓரத்தில் எங்கள் வழிகாட்டி பனியில் குழி வெட்டிப் பார்த்தார். மேலே விரல் நுழையாத பாளம், அடியில் கைப்பிடிக்குள் நிற்காத, ஜீனி மாதிரியான அதே குருணை. காலடியில் ஒருமுறை 'வும்' என்று பனி உட்கார்ந்த சத்தமும் கேட்டது. அதற்குப் பிறகும் "காசு கொடுத்திருக்கிறார்கள், இறங்குங்கள்" என்று சொல்ல முடியுமா? 2024 ஜனவரியில் குல்மார்க் பனியே இல்லாமல் காய்ந்து கிடந்ததும், அப்புறம் கொட்டியதும், பிப்ரவரி 22ஆம் தேதி பனிச்சரிவில் ஒரு ரஷ்யப் பயணி இறந்ததும் எங்களுக்கு மறக்கவில்லை. அந்தப் பதிவைப் போட்டவரும் பத்திரமாக ஊர் திரும்பியதால்தான் பேசுகிறார். சரி, கோபத்தில் எழுதுகிறேன், விடுங்கள்.

குரல்பதிவு வந்த அன்றே "நாங்கள் அங்கே இருந்தோம், நடந்தது இது" என்று குழுவில் எழுதிய வேளச்சேரி நண்பர்களுக்கும், நான்காவது வருஷமாகப் பிள்ளைகளோடு வரும் குடும்பங்களுக்கும் எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. நீங்கள் இல்லாமல் இந்தச் சின்னக் கடை ஓடாது.

டிசம்பர் கட்டணத்தில் மீதமுள்ளது பிப்ரவரிப் பயணத்தில் கழித்துக்கொள்ளப்படும், ரொக்கமாகத் தர இயலாது. பிப்ரவரிக் கட்டணம் 3,500 ரூபாய் கூடியிருக்கிறது.

வருகிறவர்கள் பூட்ஸ் அளவை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பிவிடுங்கள். போன தடவை போல உத்தேசமாகச் சொல்ல வேண்டாம்.