வளைவில் 25 சென்டிமீட்டர்

செம்பூர், மும்பை

அன்புள்ள மகளுக்கு,

போனில் சொல்லி விளங்குகிற விஷயம் இல்லை, பேனாவும் பேப்பரும் வேண்டும். அதனால்தான் எழுதுகிறேன். "தொகையிட்டதும் கடைசியில் ஒரு 'சி' போடச் சொல்கிறீர்களே டீச்சர், அதைப் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டால் என்ன குடியா முழுகிவிடும்?" என்று உன் பிளஸ் ஒன் வகுப்புப் பையன் கேட்டானாமே. சாய்விலிருந்து வளைவரையைத் திரும்பப் பெறுவதுதானே தொகையிடல், அதில் கடைசியில் சேர்கிற மாறிலிதானே அந்த 'சி'. நல்ல பையன். மார்க் போய்விடும் என்று மட்டும் சொல்லி அவனை உட்கார வைத்துவிடாதே. பொன்மலை ரயில்வே பட்டறை இருக்கிற ஊரில் இருந்துகொண்டு இந்தக் கேள்விக்குத் தண்டவாளத்தை விட்டுவிட்டுப் பதில் சொல்வது நியாயம் இல்லை.

முதலில் நீ அனுப்பிய கணக்கு. வளைவரையின் சாய்வு கே எக்ஸ்² − 4எக்ஸ். எக்ஸ் = 1 என்ற இடத்தில் அதன் தொடுகோடு ஒய் = 5எக்ஸ் + 1. வளைவரை எது? தெரியாதவை கே, சி என்று இரண்டு இருக்கின்றன, கொடுத்திருப்பதோ ஒரே ஒரு கோடு என்று பிள்ளைகள் முழிக்கும். ஆனால் தொடுகோடு என்றாலே இரண்டு செய்தி. அந்த இடத்தில் சாய்வு 5. அந்த இடத்தில் உயரம் 5 + 1, அதாவது 6. சாய்வைத் தொகையிடுவதற்கு முன்னாலேயே போட்டுவிடலாம்: கே − 4 = 5, கே 9. அப்புறம் தொகையிட்டால் ஒய் = 3எக்ஸ்³ − 2எக்ஸ்² + சி. உயரத்தை இப்போதுதான் போட வேண்டும்: 3 − 2 + சி = 6, சி 5. இரண்டையும் மாற்றி, சாய்வு இருக்க வேண்டிய இடத்தில் 6-ஐப் போட்டால் கே 10 ஆகிவிடும், அதற்கப்புறம் எழுதுவதெல்லாம் வீண். பேப்பர் திருத்தும்போது பார், பாதிப் பேர் அங்கேதான் சறுக்கியிருப்பார்கள்.

சரி, பையன் கேள்விக்கு வருகிறேன்.

ரயில் நேர்ப்பாதையிலிருந்து நேராக 600 மீட்டர் ஆரமுள்ள வட்டத்துக்குள் நுழைந்தால் பக்கவாட்டு இழுப்பு மொத்தமும் ஒரே நேரத்தில் வந்து இடிக்கும். வடாலாவிலிருந்து கிங்ஸ் சர்க்கிள் பக்கம் திரும்புகிற ஹார்பர் லைன் வண்டியில் கைப்பிடியைப் பிடித்துத் தொங்குகிறவன் பக்கத்து ஆள் மேலேயே விழுவான். அதைத் தவிர்க்க நடுவில் டிரான்சிஷன் என்று ஒரு துண்டு வைப்போம். அதில் வளைவின் அளவு, அதாவது 1 ÷ ஆரம், பூஜ்யத்தில் தொடங்கி, சீராக ஏறி, முடிகிற இடத்தில் வட்டத்தின் அளவான 1/600-ஐத் தொடும். வெளிப்பக்கத் தண்டவாளத்தை உயர்த்துகிறோமே, அந்த கேன்ட்டும் அதே தூரத்தில் கூடவே ஏறும். நம் ரயில்வேயில் இதற்குப் போடுவது க்யூபிக் பராபோலா, தூரத்தின் கனத்துக்கு ஏற்ப விலகுகிற வளைவரை. ஏன் க்யூபிக் என்பது இரண்டு தடவை தொகையிட்டால் தானே தெரிந்துவிடும்.

டிரான்சிஷன் 60 மீட்டர் என்று வைத்துக்கொள். எக்ஸ், ஒய் வேண்டாம், நேர்ப்பாதை வழியாக அளப்பதைத் தூரம் என்றும், அதிலிருந்து தண்டவாளம் விலகி நிற்பதை விலகல் என்றும் எழுதுகிறேன், எல்லாம் மீட்டரில். சாய்வு சிறியதாக இருக்கிறவரை இரண்டாம் வகைக்கெழுவையே, அதாவது சாய்வு மாறுகிற வீதத்தையே, வளைவின் அளவாக எடுத்துக்கொள்ளலாம். 60 மீட்டரில் அது 1/600 ஆக வேண்டும், எனவே அது தூரம் ÷ (600 × 60), அதாவது தூரம் ÷ 36,000. ஒரு தடவை தொகையிட்டால் சாய்வு = தூரம்² ÷ 72,000 + ஒரு மாறிலி. இன்னொரு தடவை தொகையிட்டால் விலகல் = தூரம்³ ÷ 2,16,000 + அந்த மாறிலி × தூரம் + இன்னொரு மாறிலி. இங்கே இரண்டு மாறிலியும் பூஜ்யம். நேர்ப்பாதை முடிகிற புள்ளியிலிருந்து, நேர்ப்பாதையின் திசையிலேயே அளப்பதால் தொடக்கத்தில் விலகலும் இல்லை, சாய்வும் இல்லை. இந்தப் பூஜ்யத்துக்குக் காரணம் இருக்கிறது. 60-ஆவது மீட்டரில் சாய்வு 1/20, விலகல் சரியாக 1 மீட்டர். கணக்கு இப்படிச் சுத்தமாக வரட்டும் என்றுதான் 600-ஐயும் 60-ஐயும் எடுத்தேன்.

அடுத்து வட்டம். இரண்டாம் வகைக்கெழு 1/600, மாறாது. சாய்வு = தூரம் ÷ 600 + ஒரு மாறிலி. விலகல் = தூரம்² ÷ 1200 + அந்த மாறிலி × தூரம் + இன்னொரு மாறிலி. உன் பையன் சொல்கிறபடி இரண்டையும் பூஜ்யமாக்கிப் பார். 60-ஆவது மீட்டரில் விலகல் 3 மீட்டர் வரும். டிரான்சிஷன் தண்டவாளம் 1 மீட்டரில் வந்து நிற்கிறது, இவனுடைய வட்டம் 3 மீட்டரில் ஆரம்பிக்கிறது. நடுவே 2 மீட்டர் வெறும் ஜல்லி. குடி நன்றாகவே முழுகும். சரி, விலகலை மட்டும் ஒட்டவைத்துவிட்டுச் சாய்வை விட்டுவிடலாமா என்றால், ஒரு பக்கம் 1/20, மறுபக்கம் 1/10. தண்டவாளம் முறிந்த மாதிரி அங்கே ஒரு முனை நிற்கும்.

ஒழுங்காகப் போட்டால் 1/10 + மாறிலி = 1/20, ஆக முதல் மாறிலி −1/20. விலகலில் 3 − 3 + மாறிலி = 1, ஆக இரண்டாவது 1. விலகல் = தூரம்² ÷ 1200 − தூரம் ÷ 20 + 1.

இந்தச் சமன்பாட்டை எழுதி முடித்ததோடு விட்டுவிடாதே. வட்டத்தைப் பின்னோக்கி நீட்டினால் அது நேர்ப்பாதையைத் தொடுகிறதா என்று கேள். சாய்வு பூஜ்யமாவது 30-ஆவது மீட்டரில். அங்கே விலகல் 0.75 − 1.5 + 1, அதாவது 0.25. வட்டம் நேர்ப்பாதையைத் தொடவே இல்லை, 25 சென்டிமீட்டர் உள்ளே தள்ளி நிற்கிறது. ஷிஃப்ட் என்று நாங்கள் சொல்வது இதைத்தான். அதே 30-ஆவது மீட்டரில் டிரான்சிஷன் எங்கே இருக்கிறது? 27,000 ÷ 2,16,000, அதாவது 12.5 சென்டிமீட்டர். ஷிஃப்டில் சரிபாதி! எந்த ஆரத்துக்கும் எந்த நீளத்துக்கும் இப்படித்தான் வரும். எத்தனை வருஷம் பார்த்தாலும் எனக்கு இது அலுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மெகா பிளாக்கில், அதாவது பாதை வேலைக்காக வண்டிகளை நிறுத்திவைக்கிற நேரத்தில், நாங்கள் செய்ததும் இதே வேலைதான். வெளித் தண்டவாளத்தின் உட்பக்கத்தில் 20 மீட்டர் நூலை இரண்டு பேர் இழுத்துப் பிடிப்பார்கள். நடுவில் நூலுக்கும் தண்டவாளத்துக்கும் உள்ள இடைவெளியை ஒருவர் மில்லிமீட்டர் ஸ்கேலில் படிப்பார். அதுதான் வர்சைன். 50,000-ஐ மீட்டரில் உள்ள ஆரத்தால் வகுத்தால் மில்லிமீட்டரில் கிடைக்கும், 600 மீட்டருக்கு 83. டிரான்சிஷனில் பத்து பத்து மீட்டராக நகர்ந்தால் ஏறக்குறைய 14, 28, 42 என்று ஏறிக்கொண்டே வர வேண்டும். 28-க்கு அடுத்து 50 என்று குரல் வந்தால் எல்லோரும் அந்த இடத்தைக் குனிந்து பார்ப்பார்கள். நூல் சொல்வது இரண்டாம் வகைக்கெழுவை மட்டும்தான். பாதையை எந்த இடத்தில் எவ்வளவு நகர்த்துவது என்பதற்கு அந்த எண்களை இரண்டு தடவை கூட்டிக்கொண்டு போக வேண்டும், அதாவது கையாலேயே தொகையிடல். அப்போதும் இரண்டு எண் தொங்கலில் நிற்கும். அவற்றைப் பாலமும் பிளாட்பாரமும் சொல்லும், ஏனென்றால் அவற்றை நகர்த்த முடியாது. அங்கே நகர்வு பூஜ்யம் என்று எழுதிவிட்டு மற்ற இடங்களைத் தீர்ப்போம்.

அம்மா சாம்பார் பொடி அரைத்து வைத்திருக்கிறாள், மாட்டுங்காவில் வாங்கிய மிளகாய். தம்பி அடுத்த வாரம் வரும்போது கொண்டுவருவான். உனக்கு இருமல் நின்றதா என்று கேட்கச் சொன்னாள்.

அந்தப் பையனுக்கு 800 மீட்டர் ஆரம், அதே 60 மீட்டர் டிரான்சிஷன் என்று கொடு. வட்டத்தின் இரண்டு மாறிலியையும் அவனே கண்டுபிடிக்கட்டும். ஷிஃப்ட் 18.75 சென்டிமீட்டர் வர வேண்டும். வராவிட்டால் விடைத்தாளைப் படம் பிடித்து எனக்கு அனுப்பு, எந்த வரியில் போனது என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா