நிலக்கிளியில் இருந்து தொடங்குங்கள்

வெள்ளவத்தை,
கொழும்பு 6.

அன்பு மகள்,

நீ அனுப்பின புத்தகப் பட்டியல் கிடைத்தது. டொரொண்டோவில் நீயும் சிநேகிதிகளும் மாதம் ஒரு தமிழ்ப் புத்தகம் வாசித்து, ஒவ்வொரு முறையும் ஒருத்தி வீட்டில் கூடிக் கதைக்கப் போகிறீர்கள் என்று வாசித்தவுடனே அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். வேலை, பிள்ளைகள், பனி என்று ஓடுகிற இடத்தில் இதற்கென்று நேரம் எடுத்து வைக்கிறீர்கள். எனக்கு அது பெரிய சந்தோஷம்.

பட்டியலைப் பற்றி என் அபிப்பிராயம் கேட்டிருந்தாய். ஒளிக்காமல் சொல்கிறேன். நீங்கள் தெரிந்தெடுத்ததில் மோசமான புத்தகம் ஒன்றும் இல்லை. ஆனால் எல்லாமே போர். தை மாதம் ஷெல், மாசி மாதம் பங்கர், பங்குனியில் முகாம். இந்த ஒழுங்கு எனக்குச் சரியாகப் படவில்லை. உங்களில் அநேகம் பேர் சின்ன வயதிலேயே வெளிக்கிட்டவர்கள். ஊர் என்றால் அழிந்த ஊர்தான் உங்களுக்குத் தெரியும். அழிவதற்கு முதல் அங்கே சனம் எதற்குச் சிரித்தது, எதற்குச் சண்டை பிடித்தது, யாரைப் படலைக்கு வெளியே நிற்பாட்டி வைத்தது என்று தெரியாமல் போர் நாவல்களுக்குள் இறங்கினால், செத்தவர்களின் எண்ணிக்கைதான் மனதில் நிற்கும், ஆட்கள் நிற்க மாட்டார்கள். அதனால் முதல் பாதி வருடத்துக்கு நான் சொல்கிறதை வாசியுங்கள். மற்றவை எங்கேயும் ஓடிப்போகாது.

முதலில் பாலமனோகரனின் நிலக்கிளி. 1973 இல் வீரகேசரிப் பத்திரிகைக்காரரின் பிரசுரமாக வந்தது. அந்த வருடங்களில் இந்தியச் சஞ்சிகைகளும் புத்தகங்களும் வருவதை அரசாங்கம் கட்டுப்படுத்தியிருந்தது. அந்த இடைவெளியில் வீரகேசரிக்காரர் மலிவு விலையில் எங்கள் எழுத்தாளர்களின் நாவல்களை ஒன்றன் பின் ஒன்றாக வெளியிட்டார்கள். நான் இளம் பெட்டையாக இருந்தபோது வீட்டுக்கு வீடு கைமாறி, அட்டை கிழிந்து, முதல் பக்கம் இல்லாமல்தான் அவை எங்களிடம் வந்து சேரும்.

கதை நடப்பது முல்லைத்தீவுப் பக்கம், தண்ணிமுறிப்பு என்ற காட்டோரக் குடியிருப்பில். கதிராமன், பதஞ்சலி, பிறகு அங்கே படிப்பிக்க வருகிற ஒரு வாத்தியார். கதைச் சுருக்கம் சொல்லப் போனால் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் வன்னிக் காட்டை உள்ளே வாழ்ந்தவர் போல எழுதியிருக்கிறார். வேட்டையும் வயலும் குளமும் மழையும் கதைக்குப் பின்னால் தொங்கவிட்ட படமாக இல்லை, ஆட்களின் குணத்தையே அவைதான் செய்கின்றன. பதஞ்சலியை வைத்து உங்களுக்குள் கட்டாயம் வாக்குவாதம் வரும். அவள் வெகுளியாக இருப்பதுதான் கதையை நடத்துகிறது. ஒரு பெண் அவ்வளவு வெகுளியாக இருப்பாளா, அல்லது எழுதியவருக்கு அது வசதியாக இருந்ததா? ஆண்கள் எழுதுகிற வெகுளிப் பெண்களை நான் முழுதாக நம்புவதில்லை. உன் சிநேகிதிகள் என்ன சொல்கிறார்கள் என்று அறிய ஆசை.

வாசித்து முடித்த பிறகு மட்டும் அவர்களுக்கு இதைச் சொல்லு. 1984 ஆம் ஆண்டு முடிவில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், தண்ணிமுறிப்பு என்று அந்தப் பக்கத்துத் தமிழ்க் கிராமங்களின் சனத்தை வெளியேற்றினார்கள். அதை முன்னாலேயே தெரிந்துகொண்டு வாசித்தால் பக்கத்துக்குப் பக்கம் அழத்தான் வரும். தெரியாமல் வாசித்தால் அந்தச் சனத்தோடு கொஞ்சக் காலம் வாழ்ந்துவிட்டு வரலாம். நான் ஒழுங்கு ஒழுங்கு என்று நிற்பது இதற்காகத்தான்.

இரண்டாவது எஸ்.பொ. என்கிற எஸ். பொன்னுத்துரையின் சடங்கு, 1966. இதை உனக்கு எழுத ஒரு காலத்தில் யோசித்திருப்பேன். இப்போது உனக்கும் நாற்பது தாண்டிவிட்டது, கதைக்கலாம். கொழும்பில் அரசாங்க உத்தியோகம் பார்க்கிற ஒரு கிளாக்கர், மனைவியோடு இருக்கும் ஆசையோடு லீவுக்கு யாழ்ப்பாணம் போகிறார். வீடு நிறையச் சனம், பிள்ளைகள், வேலைகள், கடமைகள். இரண்டு பேரும் தனியே இருக்க ஒரு பொழுது அமையாது. லீவு முடிந்து திரும்ப வேண்டி வந்துவிடும். அவ்வளவுதான் நாவல். வெளிவந்த காலத்தில் ஆபாசம் என்று முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். எனக்கு அது யாழ்ப்பாணத்து நடுத்தரக் குடும்பத்தைப் பற்றி எழுதின மிக உண்மையான புத்தகம்.

நான் அதைச் சொல்லலாம். கல்யாணம் கட்டின புதிதில் அப்பா இங்கே பம்பலப்பிட்டியில் ஓர் அறையில் இருந்தார், நான் ஊரில் மாமா, மாமியோடு. வெள்ளிக்கிழமை இரவு மெயில் ரெயினில் ஏறி சனி காலையில் வந்து இறங்குவார், ஞாயிறு இரவு திரும்பிவிடுவார். வந்த மனுசனோடு இருந்து கதைக்க முதல் அவருக்குக் கோப்பி போட வேண்டும், வந்து போகிறவர்களைக் கவனிக்க வேண்டும், மத்தியானத்துக்கு மீன் வெட்ட வேண்டும். கொழும்பில் இருந்த எத்தனையோ கந்தோர்க்காரரின் மனைவிமார் அப்படித்தான் வாழ்ந்தார்கள். எங்களைப் பற்றி யாரும் காவியம் எழுதவில்லை. எஸ்.பொ. ஒருத்தர் அந்த வீட்டுக்குள்ளே பார்த்தார். கணவனின் பக்கத்தில் கொஞ்சம் கூடுதலாக நிற்கிறார், அது குறைதான். மனைவியின் மனதுக்குள் இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருக்கலாம். அந்தக் குறையையும் கதையுங்கள்.

இந்த இரண்டோடு நிறுத்தினால், போருக்கு முதல் எல்லாம் பொன்னாக இருந்தது என்று நினைத்துவிடுவீர்கள். அதற்கு நான் விடமாட்டேன். மூன்றாவது மாதம் கே. டானியலின் பஞ்சமர். 1972. கோயில் வாசலிலும் தேநீர்க் கடையிலும் கிணற்றடியிலும் யாழ்ப்பாணத்துச் சாதி எப்படி நின்றது என்று ஒடுக்கப்பட்ட சனத்தின் பக்கத்தில் இருந்தே எழுதினவர். இது நடந்தது எங்கேயோ இல்லை, எங்கள் ஊரில், நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த 1960களின் பிற்பகுதியில். உன் கூட்டத்தில் எந்தெந்தச் சாதிக்காரர் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது, தெரியவும் தேவையில்லை. ஆனால் கனடாவிலும் கல்யாணம் பேசும்போது அந்தக் கேள்வி வருகிறது என்று நீயே சொன்னாய். வீட்டுக்குள்ளே மெல்லமாகக் கேட்கிற அந்தக் கேள்வியை ஒரு பின்னேரமாவது வாய்விட்டுக் கதையுங்கள். நாவல் சில இடங்களில் பிரசங்கம் செய்கிறது, உண்மைதான். பிரசங்கம் செய்யாமல் இருக்க அவருக்கு வசதி இருக்கவில்லை என்று நான் நினைக்கிறேன்.

அதே மாதம் மஹாகவியின் தேரும் திங்களும் என்ற கவிதையை யாராவது ஒருத்தி எல்லாருக்கும் கேட்க வாசிக்க வேண்டும். மனிதன் சந்திரனுக்குப் போய் இறங்குகிற காலத்தில், கோயில் தேர் வடத்தைப் பிடிக்க வந்தவனுக்கு ஊர் என்ன செய்தது என்பதுதான் விஷயம். சின்னக் கவிதை. பேச்சுத் தமிழின் தாளம் அப்படியே இருக்கும். கண்ணால் வாசித்தால் பாதிதான் கிடைக்கும்.

நான்காவது, கோகிலம் சுப்பையாவின் தூரத்துப் பச்சை, 1964. வள்ளி என்ற பெண் தமிழ்நாட்டில் இருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேர்கிற கதை. உன் பட்டியலில் மலையகம், அந்தத் தேயிலைத் தோட்டத்துச் சனம், ஒரு வரிகூட இல்லை, மகள். அது எனக்கு மனவருத்தம். இங்கே வெள்ளவத்தையில் எத்தனை கடைகளில், எத்தனை வீடுகளில் மலையகப் பிள்ளைகள் வேலை செய்கிறார்கள் என்று நீ பார்த்து வளர்ந்தவள். 1948 இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து அந்தச் சனத்தை நாடற்றவர்கள் ஆக்கியது. இந்த நாவல் வந்த அதே 1964 இல்தான் எங்கள் பிரதமர் ஸ்ரீமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் எழுதி, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று விட்டார்கள். அந்த எண்களுக்குள் இருந்தவள் ஒருத்தி லயம் என்கிற தோட்டத்து வரிசை வீட்டில் எப்படிச் சமைத்தாள், யாருக்குப் பயந்தாள், பிள்ளையை எங்கே விட்டுவிட்டுக் கொழுந்து எடுக்கப் போனாள் என்று தெரிய வேண்டுமென்றால் வள்ளியிடம்தான் போக வேண்டும்.

அதோடு சேர்த்துத் தெளிவத்தை ஜோசப்பின் குடைநிழல். 2010 இல் வந்தது. கொழும்பில் வாழ்கிற ஒரு மலையகத் தமிழன் சந்தேகத்தில் கைதாகிற கதை. மெல்லிய புத்தகம், ஒரே இரவில் வாசித்துவிடலாம். கொழும்பில் தமிழர் என்றால் ஒரே மாதிரி ஆட்கள் என்று வெளியில் நினைக்கிறார்கள். அடையாள அட்டையைக் கேட்கிறவனுக்கு நாங்கள் எல்லாரும் ஒன்றுதான். ஆனால் யாருக்கு யார் பிணைக்கு வருவார்கள், யாருக்கு யாரும் இல்லை என்பதில் எங்களுக்குள்ளே எவ்வளவு வித்தியாசம் இருந்தது என்று இங்கே இருந்த எனக்குத் தெரியும். 2022 இல் அவர் காலமானபோது எனக்கு உறவுக்காரர் ஒருவர் போன மாதிரி இருந்தது.

இனிப் போருக்குள் போங்கள். அந்த வாசலில் எம். ஏ. நுஃமானின் புத்தரின் படுகொலை என்ற கவிதையை வையுங்கள். 1981 இல் யாழ்ப்பாண நூலகத்தை எரித்ததைப் பற்றியது. கல்முனைப் பக்கத்து முஸ்லிம் கவிஞர் ஒருவர், புத்தரே அங்கே சுடப்பட்டுக் கிடந்ததாக எழுதினார். அந்த வயதில் அதை வாசித்தபோது கை நடுங்கியது. கிழக்கையும் முஸ்லிம்களையும் தள்ளிவைத்துவிட்டு எங்கள் இலக்கியம் என்று ஒன்றைக் கதைக்க முடியாது என்பதற்கும் அது ஒன்றே போதும்.

பிறகு ரஞ்சகுமாரின் கோசலை, பிள்ளைகள் ஆயுத இயக்கத்துக்குப் போய்விட்ட ஒரு தாயின் கதை. மோகவாசல் தொகுப்பில் இருக்கிறது, 1989. இதைப் பற்றி நான் அதிகம் எழுத மாட்டேன். எனக்கு இன்னும் முடியாது. 1986 இல் வந்த சொல்லாத சேதிகள் என்ற பெண்களின் கவிதைத் தொகுப்பையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எல்லாரும் பெண்கள், அதைத் தொடாமல் போகக் கூடாது. இவ்வளவுக்கும் பிறகு உன் பட்டியலில் முதலாவதாக இருந்த ஷோபாசக்தியின் கொரில்லாவை எடுங்கள். நல்ல தெரிவு. அகதி விண்ணப்பத்தில் தொடங்குகிற அந்த நாவல், சாதியையும் ஊரையும் தெரிந்தவர்களுக்குத்தான் முழுதாகத் திறக்கும். எனக்கு அதன் வேகம் பிடிக்கும். அப்பாவுக்கு அந்த ஆளில் கோபம். இரண்டு பேரும் வாசித்துவிட்டு இரண்டு நாள் சரியாகக் கதைக்கவில்லை.

ஒரு சிங்களப் புத்தகமாவது இருக்கட்டும். மார்ட்டின் விக்கிரமசிங்கவின் மடோல் தூவ, 1947, தமிழிலும் கிடைக்கிறது. உபாலி, ஜின்னா என்று இரண்டு பொடியன்கள் வீட்டை விட்டு ஓடித் தீவொன்றில் போய் வாழ்கிறார்கள். பேரப்பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டலாம். பக்கத்து வீட்டுக்காரரின் சின்ன வயது எப்படி இருந்தது என்று தெரிந்து வைத்திருப்பது நல்லது.

புத்தகங்கள் கிடைக்குமா என்று யோசிக்காதே. பழைய பதிப்புகள் பலவற்றை நூலகம் நிறுவனத்தார் 2005 இல் இருந்து மின்வடிவில் சேர்த்து எல்லாருக்கும் இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறார்கள். அங்கே தேடிப்பார். கையில் பிடித்து வாசிக்கத்தான் விருப்பம் என்றால் செட்டியார் தெருவில் பூபாலசிங்கம் புத்தகக்கடையில் கேட்டு வைக்கிறேன். 57 ஆம் ஒழுங்கையில் தமிழ்ச் சங்க நூலகத்துக்கு நான் எப்படியும் போகிறவள்தானே. அங்கே இருக்கிற பதிப்பைப் பார்த்து எது நல்லது என்று சொல்கிறேன். மார்கழியில் உன் மச்சாள் இங்கே வந்து திரும்பும்போது அவளுடைய பெட்டியில் கொஞ்சம் வைத்து விடலாம். பட்டியலை ஐப்பசிக்குள் முடிவு செய்து எழுது, கடைசி நேரத்தில் ஓட எனக்கு முழங்கால் விடாது.

இன்னொன்று. பஞ்சமர் கதைக்கிற அன்று என்னையும் போனில் எடுங்கள். உங்களுக்குச் சனிக்கிழமை பின்னேரம் என்றால் இங்கே ஞாயிறு விடியப்புறம். நான் எழும்பி இருப்பேன்.

அன்புடன்,
அம்மா